உம் கொட்டும் கருவி

காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அந்த ஆய்வாளர் அம்மாளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'கத்தரி'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்துவந்த வேலை அப்படி. யாராவது ஒருவர், "இதை உலகத்திலேயே முதலில் செய்தவன் நான்தான், இது என்னுடையது" என்று விண்ணப்பம் போடுவார். அது நிஜமாகவே புதுசுதானா என்று பழைய காப்புரிமைகளையெல்லாம் துருவிப் பார்த்து, புதுசாக இல்லாததை அவள் வெட்டி எறிய வேண்டும். மருத்துவக் கருவியும் தகவல் தொடர்பும் கலந்து வருகிற விண்ணப்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "நான் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறேன். நீ ஒரு நாளைக்கு ரெண்டு பேரை இறக்கி விட்டுட்டு வர்றே" என்பார். அவளும் சிரித்துவிடுவாள்.

அந்த விண்ணப்பம் வந்தது ஒரு மழைநாள் காலையில். வக்கீல் வைக்காமல் விண்ணப்பித்தவரே எழுதியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. படங்களை அளவுகோல் வைத்துப் பேனாவால் வரைந்திருந்தார்கள். இது இதெல்லாம் எனக்கே சொந்தம் என்று எல்லை போடும் வாக்கியங்களுக்குக் கோரல் என்று பெயர். சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இதில் முப்பத்தொன்று இருந்தது. முதல் கோரலே, "குழந்தையின் உயிரைக் காப்பாற்றும் எந்த ஒரு கம்பியில்லாக் கருவியும்" என்று ஆரம்பித்தது.

"அடேங்கப்பா! ஆகாயத்தையே பட்டா போட்டுக் கேக்கறாரே மனுஷன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

விண்ணப்பித்தவர் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் மெக்கானிக். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடித் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளின் வயிற்றில் ஒரு மெல்லிய பட்டை. மூச்சு நின்றால் அந்தப் பட்டை நர்ஸின் கையிலிருக்கும் இன்னொரு பட்டைக்கு ரேடியோவில் சேதி அனுப்பும். அவ்வளவுதான் விஷயம். அரை நாள் தேடியதில், பதினைந்து வருஷத்துக்கு முன்பே இதே மாதிரி ஒரு கருவிக்கு யாரோ காப்புரிமை வாங்கியிருப்பது கிடைத்துவிட்டது. 'புதுமை இல்லை' என்று ஒன்றரைப் பக்கத்தில் ஆட்சேபம் எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தாள்.

இந்த மாதிரி ஆட்சேபம் போனால் வரும் பதில் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். பழைய கருவி மட்டம், எங்களுடையது உசத்தி. டெலிபோன் மெக்கானிக்கின் பதில் அப்படி இல்லை.

"நீங்கள் அனுப்பிய பழைய காப்புரிமையை மூன்று முறை படித்தோம். மிக நல்ல கருவி. எங்கள் வார்டில் இப்போது இருப்பதும் அந்த வகைதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் பட்டை ஒரு சேதி அனுப்பும்; சேதி வராவிட்டால் மணி அடிக்கும். குழந்தை மூச்சு விடாவிட்டாலும் சேதி வராது. நடுவில் ஒரு டாக்டர் வந்து நின்று மறைத்தாலும் சேதி வராது. பேட்டரி தீர்ந்தாலும் வராது. மூன்றுக்கும் ஒரே மணி. போன செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்டில் பதினோரு முறை மணி அடித்தது. பத்து முறை குழந்தைகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன."

அந்தப் பதினோராவது முறையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவள் கண் அந்த இடத்திலேயே நின்றது. நேரில் வரச் சொல்லி விசாரணைக்கு நாள் குறித்தாள்.

அன்றைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், கூச்ச சுபாவம், பேச வேண்டிய இடத்தில் எல்லாம் தொண்டையைக் கனைத்தார். கூட வந்தது அவருடைய அண்ணி, அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். கையில் ஒரு பெரிய பை. அதிலிருந்து நாலு செருப்புப் பெட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பலூன், அதைச் சுற்றி ஒரு பட்டை. குட்டி மோட்டார் ஒன்று பலூனை மெதுவாக ஊதி ஊதி அடக்கியது. பார்த்தால் நாலு குழந்தைகள் தூங்குகிற மாதிரியே இருந்தது.

"கையை நீட்டுங்க மேடம்" என்று நர்ஸ் ஆய்வாளரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவரின் கை, கட்டியதே தெரியவில்லை.

மெக்கானிக் விளக்க ஆரம்பித்தார். நாலு வாக்கியத்தில் நாலு முறை கனைத்தார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நான் சொல்றேன் விடுங்க. மேடம், நீங்க யாருக்காச்சும் கதை சொல்லியிருக்கீங்களா? கேக்கறவங்க 'ம்' கொட்டணும் இல்ல? 'ம்' வந்தா முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். வரலைன்னா, எழுந்து போய் என்னன்னு பாக்கணும். இதுவும் அப்படித்தான். குழந்தை மூச்சு விட்டாலும் விடலைன்னாலும், பட்டை ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை 'ம்' கொட்டிக்கிட்டே இருக்கும். 'ம்'மும் வருது, அதோட மூச்சு இல்லைன்னும் சொல்லுதுன்னா, கையில நீளமா அதிரும். ஓடணும். 'ம்'மே வரலைன்னா..."

"பக்கத்துத் தொட்டில் எடுத்துச் சொல்லும்" என்று மெக்கானிக் குறுக்கே புகுந்தார். கனைக்கவில்லை. "ஒரு பட்டை சொல்றது நமக்குக் கேக்கலைன்னாலும், பக்கத்துல இருக்கற பட்டைக்குக் கேக்கும். அது வாங்கி நமக்கு அனுப்பிடும். அதுக்கும் கேக்கலைன்னாத்தான், ரெண்டு சின்னத் தட்டு. குழந்தைக்கு ஒண்ணுமில்ல, கருவியைப் போய்ப் பாருன்னு அர்த்தம்."

"குழந்தைக்கு ஒண்ணுமில்லன்னு நாமளா சொல்லக் கூடாது தம்பி" என்றார் நர்ஸ். "தெரியலைன்னு அர்த்தம். நடந்து போகலாம், ஆனா போயே ஆகணும்."

அந்தத் திருத்தம் ஆய்வாளருக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பிடித்துப்போனதற்கெல்லாம் காப்புரிமை கொடுக்க முடியாதே! எழுந்து போய் ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கினாள். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மணிக்கட்டில் இரண்டு சின்னத் தட்டு. இன்னொரு பெட்டியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பக்கத்தில் வைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். தட்டல் நின்றுவிட்டது. பிறகு அந்த இடுக்கு வழியாகவே விரலை விட்டு, உள்ளே இருந்த மோட்டாரை அணைத்தாள். ஐந்தாறு நொடி. நீளமாக ஓர் அதிர்வு மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரை ஏறியது. வெறும் பலூன்தான் என்று தெரிந்தும் அவசரமாக மோட்டாரைப் போட்டாள்.

பீரோவிலிருந்து பெட்டியை எடுத்துத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"அந்தப் பதினோராவது தடவை என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

நர்ஸ் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "மூணு தொட்டில்ல ஒரே நேரத்துல மணி அடிச்சுது. ரெண்டு பக்கத்துல இருந்துச்சு, அதை முதல்ல பாத்தேன். கடைசியாப் போனதுதான் நிஜம். நீலம் பாரிச்சிருந்துது. பிழைச்சிடுச்சு, இப்ப வீட்டுக்கும் போயிடுச்சு. ஆனா அந்த நாப்பது செகண்ட் இன்னும் என்னை விட்டுப் போகலை மேடம்."

"இந்தப் பக்கத்துத் தொட்டில் யோசனை யாரோடது?"

மெக்கானிக் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

"அண்ணியோடதுங்க" என்றார் அவர். "'ம்' கொட்டறதும் அவங்க சொன்னதுதான். நான் ஒரு வருஷம் ஆன்டெனாவை மாத்தி மாத்தி மண்டையை உடைச்சுக்கிட்டேன். அவங்க துணி மடிச்சுக்கிட்டே, 'எங்க வீட்ல பெரியவன் கீழ விழுந்தா சின்னவதான் ஓடி வந்து சொல்றா, இதுங்களும் அப்படிச் சொல்லக் கூடாதா'ன்னு கேட்டாங்க."

"விண்ணப்பத்துல உங்க பேரு மட்டும்தானே இருக்கு?"

"நான்தான் வேண்டாம்னேன்" என்றார் நர்ஸ். "எனக்கு ஒரு ஒயரைக் கூட ஒட்டத் தெரியாது. பேச்சுவாக்குல ஏதோ சொன்னேன். அதுக்குப் போய் பேரா?"

ஆய்வாளர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அம்மா, சட்டம் ஒயர் ஒட்டினவரைத் தேடறதில்ல. யார் மண்டையில உதிச்சுதுன்னுதான் தேடுது. உங்க பேரை விட்டுட்டா நாளைக்கு எவன் வேணும்னாலும் இதை ரத்து பண்ணிடலாம். அதுக்குன்னு ஒரு படிவம் இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் இந்த முப்பத்தொரு கோரல். எது புதுசோ அதை மட்டும் கேளுங்க. மீதி நிக்காது."

"ரெண்டு வருஷ உழைப்பு மேடம்" என்று மெக்கானிக் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "எல்லாத்தையும் வெட்டுன்னா எப்படி?"

"வாங்க தம்பி, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று அண்ணி பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

அவர்கள் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. சின்ன மனசுக்காரர்கள் பெரிய வார்த்தை பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது அவளுடையது. இப்படி ஒரு பெரிய விஷயத்தைத் துணி மடிக்கிற பேச்சோடு பேச்சாக ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாளா?

கோப்பை முடிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை தேடுவது அவள் வழக்கம். அந்த வாரமே தேடினாள். தேடாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி ஒன்று அகப்பட்டது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய, என்றைக்கோ காலாவதியான காப்புரிமை. வேறு பாஷையில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்கு. சுரங்கம் வளைகிற இடத்தில் ஒருவர் விளக்கிலிருந்து வரும் சேதியைப் பக்கத்தில் நிற்பவரின் விளக்கு வாங்கி மேலே அனுப்பும். பக்கத்துத் தொட்டில், அப்படியே.

"நீ சொல்ற அந்தப் பழைய காப்புரிமையை வேற யாராவது கண்டுபிடிப்பாங்களா?" என்று மறுநாள் காலை கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மாட்டாங்க."

"அப்ப விட்டுடேன். நல்ல காரியம்தானே?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரியாத மாதிரி கையெழுத்துப் போட்டா, அந்த நர்ஸுக்கு நான் குடுக்கறது வெறும் காகிதமாப் போயிடும்."

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அன்றைக்கே மொழிபெயர்ப்பை இணைத்து, இரண்டாவது ஆட்சேபத்தை அனுப்பினாள். மனசு கல்லாய்க் கனத்தது. இனி அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இந்தத் தடவை இரண்டு கையெழுத்துகள்.

"சுரங்க விளக்கு செய்தவர் மகா கெட்டிக்காரர். விளக்குகள் சதா காது கொடுத்துக்கொண்டே இருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று, முறை வைத்துக் கேட்க வைத்திருக்கிறார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அதே மாதிரி செய்து பார்த்தோம். பன்னிரண்டு மணி நேரம் வந்த பேட்டரி இப்போது நாலு நாள் வருகிறது. அவர் உயிரோடு இருந்தால் விலாசம் தர முடியுமா? நன்றி எழுத வேண்டும். சேதியைக் கைமாற்றுவது அவருடையது. அதை நாங்கள் கேட்கவில்லை. வந்த சேதியை வைத்து மூச்சு நின்றதா, தொடர்பு நின்றதா என்று பிரித்துச் சொல்வது அவரிடம் இல்லை. அதை மட்டும் கேட்கிறோம்."

முப்பத்தொரு கோரலில் இருபத்தேழை அவர்களே அடித்துவிட்டிருந்தார்கள். மிச்சம் நாலு. நாலையும் ஒரு வாரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் கெட்டியாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் எழுதிவைத்ததை, இந்த இரண்டு பேரும் எடுத்துப் படித்து, கும்பிட்டு, அதற்கு மேல் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். காப்புரிமைச் சட்டம் எதற்கு என்று பயிற்சி வகுப்பில் யாராவது இனி கேட்டால், இந்தக் கோப்பையே தூக்கிக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சுரங்க விளக்குக்காரர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. மகளின் விலாசம்தான் கிடைத்தது. அதை எழுதி அனுப்பினாள். காப்புரிமை இரண்டு பேர் பெயரிலும் வந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, மருத்துவமனையில் அந்தக் கருவியை எல்லாத் தொட்டிலுக்கும் போட்டபோது, மெக்கானிக் போன் பண்ணி அழைத்தார். ஒரு பிற்பகலில் அவள் போனாள். கண்ணாடிக்கு வெளியே அவளும் மெக்கானிக்கும் நின்றார்கள். உள்ளே பதினாறு தொட்டில். பதினாறிலும் கைமுஷ்டி அளவு தலைகள். எங்கும் மணி அடிக்கவில்லை. பேச்சே தேவையில்லாத ஓர் அமைதி. ஒரு தாய் தொட்டில் ஓரத்தில் தலை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் இங்க யாரும் தூங்கினதில்ல மேடம்" என்றார் அவர்.

உள்ளே இருந்த நர்ஸ் இவர்களைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு வெளியே வர வாசல் வரை வந்தார். சட்டென்று மணிக்கட்டைப் பார்த்தார். திரும்பி மூன்றாவது வரிசைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். குனிந்து, ஒரு விரலால் ஓர் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு முறை சுண்டினார். ஆய்வாளர் தன்னையறியாமல் கண்ணாடியில் கை வைத்திருந்தாள். சின்னக் கால் ஒன்று கோபமாக உதைத்தது. நர்ஸ் அப்படியே நின்று, அந்தப் பிஞ்சு வயிறு ஏறி இறங்குவதை நிதானமாக எண்ணினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

வெளியே வந்ததும், "மன்னிச்சுக்குங்க, நிக்க வெச்சுட்டேன். டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.