ரயிலில் காய்ந்த புடவை

சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு நேர்காணல். வெள்ளைப் புடவையில் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ராஜமேரியிடம் இருந்ததோ ஒரே ஒரு வெள்ளை வாயில் புடவை. அதைத் துவைத்த அண்ணி ரோசம்மா, வெளியே ஐப்பசி மழை என்று அடுப்பங்கரைக் கொடியில் நாலாக மடித்துப் போட்டாள். சாரல் வரக்கூடாதாம், கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். கீழே களி கிண்டியதும் வெந்நீர் வைத்ததும் அதே அடுப்பில்தான். அந்த ஆவி பிறகு எங்கே போகும்? விடிந்து பார்த்தால் புடவை போட்டபடியே சொதசொதவென்று இருந்தது.

ராஜமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூப்போட்ட பழைய புடவையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொம்மிடி ஸ்டேஷன் வரைக்கும் அண்ணியை விட்டுவிட்டுக் கோபமாக முன்னால் நடந்தாள். ரோசம்மா ஈரப்புடவைப் பையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்தே வந்தாள்.

வண்டி கிளம்பியது. மழை விட்டிருந்தது, ஆனால் வெயில் இல்லை. சன்னலோரம் வைத்த பையிலிருந்து முந்தானை நழுவி வெளியே படபடத்துக்கொண்டே வந்திருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் கண்ட ராஜமேரி பதறி உள்ளே இழுத்தாள்.

"அண்ணி, இது காஞ்சிருக்குதுங்க. பைக்குள்ள கெடக்கறதுதான் ஈரம்."

ரோசம்மா தடவிப் பார்த்தாள். "வெய்யிலே இல்லியே, காத்துதான் குடிச்சிருக்குது. வூட்டுக் கதவத் தெறந்து, பிரிச்சுப் போட்டிருந்தாலே போதுமாட்டம் இருக்குது. மூடி மூடி வெச்சுக் கெடுத்தவ நாந்தான்."

ராஜமேரிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருவருமாகப் புடவையை உதறி விரித்தார்கள். அத்தனை நீளத்துக்கு நாலு கை போதவில்லை. எதிர் சீட்டுப் புளி வியாபாரி மாதேஸ்வரன் எழுந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கச் சன்னலில் நுழைந்த காற்று புடவையைப் பந்தலாகத் தூக்கிவிட்டு அந்தப் பக்கச் சன்னலில் வெளியேறியது. கார்டு பச்சைக் கொடி காட்டி ஓட்டுகிற வண்டியை நீங்கள் வெள்ளைக் கொடி காட்டி நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் கிண்டலடிக்க, பெட்டியே சிரித்தது. ராஜமேரியும் சிரித்துவிட்டாள்.

சேலம் ஸ்டேஷனில் இறங்கி, பெண்கள் அறையில் கட்டிக்கொண்டாள். காய்ந்துவிட்டது, ஆனால் கசங்கலாகத்தான் இருந்தது. நர்ஸ் பள்ளி வாசலில் நேர்காணலுக்கு வந்தவர்கள் எல்லாம் கஞ்சி போட்ட மொடமொடப்பில் நின்றார்கள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ரோசம்மா மடிப்பை நீவிவிட்டாள். "போயிட்டு வாங்க, நர்ஸம்மா."

அண்ணி அவளை 'வாங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராஜமேரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நிமிர்ந்து உள்ளே போனாள்.