மண்ணோடு மண்ணாகும்

மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் ரசீத்துக்குத் தெரியும். இது வேறு. சொத்தென்று எதன் மேலோ விழுந்தது. குனிந்து கையால் மண்ணை விலக்கினான். பச்சை எழுத்து. ‘மண்ணோடு மண்ணாகும்.’ போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவனே அடித்துக் கொடுத்த பை, எழுத்துகூட வெளிறாமல் கிடந்தது. உள்ளே ஆட்டுக்குடல் கறுத்துக் குழம்பாகி, பை ஊதிப்போயிருந்தது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வந்த வாடை குமட்டியது.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற இந்த நிலத்தில்தான் வருஷாவருஷம் குர்பானிக்கு அறுத்த ஆடுகளின் கழிவைப் புதைப்பார்கள். முன்பெல்லாம் குழியில் சும்மா கொட்டி மூடுவார்கள், தானாக மக்கிவிடும். போன வருஷம் ரசீத்தான் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து, பிளாஸ்டிக் கவரே வேண்டாம், என் பை மக்காச்சோள மாவில் செய்தது, கறியும் கொடுக்கலாம், கழிவைப் பையோடும் புதைக்கலாம் என்று மார்தட்டினான். சவூதியில் பாதி ஆயுசைத் தொலைத்துவிட்டு வந்து வண்ணார்பேட்டையில் பை அடிக்கிற மிஷின் போட்டவன். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். மூலப்பொருள் விற்றவன் கொடுத்த சர்டிபிகேட் இன்னும் ஷெட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சபீதா மட்டும் அன்றைக்கே கேட்டாள்: “ஒண்ண முருங்கைக்கு அடியில பொதச்சுப் பாத்துட்டு அடிச்சா என்ன?” பெண்டாட்டி சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு? சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நாளைக்குப் பெருநாள். புதுப் பைக் கட்டுகள் பள்ளிவாசலில் அடுக்கியாயிற்று. அவன் வாக்கை நம்பி ஊரில் ஒருவரும் கவர் வாங்கவில்லை.

நாளைக்கான குழியைத் தோண்ட அவனோடு வந்து, டீ குடிக்கப் போயிருந்த அசன் மைதீன் காக்கா திரும்புவதற்குள் மண்ணை இழுத்து மூடப் பார்த்தான்.

“ஏலே, தோண்டுனத எதுக்கு மூடுத?”

“பாறை கெடக்கு காக்கா. அங்கன தள்ளித் தோண்டுவோம்.”

“இங்கன ஏதுலே பாறை?” என்றார் காக்கா. ஆனாலும் ரசீத் சொன்னால் அவருக்குச் சரிதான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் மண்வெட்டியை ஓங்கினார். போன வருஷக் குழி எதுவரைக்கும் நீண்டிருந்தது என்று ரசீத் யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

சொத்.

காக்கா குனிந்து எதையோ பற்றி இழுத்தார். அறுந்துவிட வேண்டுமே என்று ரசீத் மனசுக்குள் துஆ கேட்டான். அது அறாமல், கைப்பிடியோடு முழுசாக, மண்ணை உதிர்த்துக்கொண்டு மேலே வந்தது.