சொல் ஒட்டாத போத்தல்

“உம்மா, வாப்பாட வயல் போத்தல்ல இன்செக்டிசைட், ஹேர்பிசைட் எண்டு எல்லாப் பேரும் ஏன் ‘சைட்’ எண்டே முடியுது?”

சஹ்லா ஆறு வயதில் கேட்டது. ஆங்கிலம் படிப்பிக்கும் தாய் நிப்லாவுக்குக் கேள்வி பிடித்திருந்தது. லத்தீனில் வெட்டுவதையும் கொல்வதையும் குறித்த ஒரு சொல் தேய்ந்து, ஆங்கிலச் சொற்களின் வாலாகிவிட்டது என்றாள். எங்கட ‘நாசினி’ மாதிரித்தான். முன்னால் பூச்சி வந்தால் பூச்சியைக் கொல்லும், புல் வந்தால் புல்லை. மனிதன் முன்னால் வரும் சொற்களும் உண்டு. அவற்றை அவள் சொல்லவில்லை.

சஹ்லாவுக்கு எட்டு வயதானபோது, ஒரு பகல், தகப்பனின் வயல் பையிலிருந்த சோடாப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டாள்.

“சைட் எண்டு எழுதியிருக்கல்லயே உம்மா,” என்றாள், வாயைத் துடைத்தபடி.

நிப்லா கணவன் நளீருக்குப் போன் எடுத்தாள்.

“அது நேசராசா அண்ணன்ட்ட கைமாத்தா சோடாப் போத்தல்ல ஊத்தி வாங்கின மருந்து. புழுவுக்கு ஒரு போத்தல், புல்லுக்கு ஒண்டு.”

“இது எது?”

“தெரியா புள்ள. கூலிக்கு வந்தவர் ஒண்டை அடிச்சு முடிச்சார். எதை அடிச்சாரோ.”

முச்சக்கர வண்டியில் பிள்ளையின் வாயிலிருந்து நீர் வழியத் தொடங்கியது. நிப்லா ஓதிக்கொண்டே வந்தாள். சொல்லின் வால் அவளுக்குத் தெரியும், கொல்லும் என்பது. முகம்தான் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டரும் அதைத்தான் கேட்டார், பூச்சிக்கானதா புல்லுக்கானதா என்று.

சற்று நேரத்தில் பக்கத்து வயல்காரர் நேசராசா முழங்கால்வரை சேற்றோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். நளீர் போனில் சொன்னதும் மாவடிப்பள்ளி வயலிலிருந்து நேரே வந்திருந்தார். இரண்டு கைகளிலும் லேபலோடு மூலப் போத்தல்கள்.

“ரெண்டையும் கொண்டந்தன் டீச்சர். உங்கட மனிசன்ட ஞாபகத்த நம்பி வரேலுமா?”

டொக்டர் சோடாப் போத்தலில் மிஞ்சியதோடு நிறத்தையும் மணத்தையும் ஒப்பிட்டார். பூச்சிக்கானது. ஊசி ஏறியது. அந்திக்குள் வாய்நீர் நின்றது. சஹ்லா தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் வயலுக்குப் போனபோதுதான் நளீருக்கு விளங்கியது. முந்தின நாள் நேசராசாவின் தண்ணி முறை. அவர் ஆஸ்பத்திரியில் நின்ற நேரம், வாய்க்காலைத் திறக்க ஆளில்லாமல் முறை தாண்டிப் போயிருந்தது. இளம்பயிர் வெடித்த மண்ணில் நின்றது.

தன் முறை வந்த விடியலில், சுபஹ் தொழுதுவிட்டு நளீர் போனான். தன் வயல் வாயை மண் வைத்து அடைத்தான். நேசராசாவின் வரம்பை வெட்டினான். தண்ணீர் பயிரின் அடியைத் தொட்டு மூலைவரை பரவும் வரை நின்றான். பிறகு வெட்டிய இடத்தைச் சேற்றால் பூசிவிட்டு வீட்டுக்கு நடந்தான். நிப்லாவிடம்கூடச் சொல்லவில்லை.