மணம் வந்தால் கத்துங்கோ

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் விமலேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அதிபர் முடிவெடுத்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்குத்தான் பொன்னாடை போர்த்தவில்லை? தண்ணீர் மோட்டர் வாங்கித் தந்தவருக்கும் போர்த்தினார்கள், அதன் சுவிச்சைப் போட்டுத் திறந்துவைத்தவருக்கும் போர்த்தினார்கள். ஆனால் இந்த முறை காரணம் உண்மையாகவே பெரிது. சரசுவதிக்குப் பூசை செய்கிற வாணி விழாவன்று ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தபோது, சங்கீத ஆசிரியை தேனுகாவை நெருப்புக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வந்தவள் இரசாயனவியல் ஆசிரியை விமலேஸ்வரிதான். நெடுங்கேணிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனாலும், "டீச்சர் இல்லாட்டி அந்தப் பிள்ளை முடிஞ்சிருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் மிச்சக் காசை வாங்காமலே திரும்பிவிடுவாள். இப்போது போர்த்தப்போகிறவளும் தேனுகாதான் என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆறிய காயத்துக்குப் பூசுகிற கிறீம் ஒன்றை வவுனியாவில் வாங்கிக்கொண்டு, அன்று பின்னேரம் தேனுகாவின் வீட்டுக்குப் புறப்பட்டாள். பொன்னாடை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தாள்.

அந்த ஆய்வுகூடம் அவளுடைய பிள்ளை மாதிரி. கூரையில்லாத கொட்டிலில் கரும்பலகையில் குடுவையைக் கீறிக் காட்டிப் படிப்பித்த காலம் போய், கண்ணாடி யன்னலும் மாபிள் மேசையுமாய் ஒரு கட்டடம் வந்தபோது அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. அங்கே அவள் உண்மையில் பயந்தது ஒரேயொரு போத்தலுக்குத்தான். ஈதர். நம்முடைய உடம்புச் சூட்டிலேயே கொதித்துவிடுகிற சாமான். வன்னி வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? பள்ளிக்கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அதனால் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் போத்தலைப் புதைத்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தாள். மூடியில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. புது மூடி வரும்வரைக்கும் என்று ஒட்டுகிற கறுப்பு ரேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தாள்.

உயர்தர வகுப்பில் ஈதர் பாடம் வந்தால் அவளுடைய குரல் தானாக உயரும். "அதின்ரை ஆவி மேலை போகாது, பிள்ளையள். காத்தைவிடப் பாரம். மேசையிலை வழிஞ்சு, நிலத்திலை ஊர்ந்து, அங்கை ஆரும் ஒரு நெருப்புக்குச்சி தட்டினாப் போதும், தட்டின இடத்திலையிருந்து போத்தல் வரைக்கும் திரும்பி எரிஞ்சு வரும். இனிச்ச மாதிரி ஒரு மணம். அந்த மணம் வந்தா உடனை கத்துங்கோ. நெருப்பை நூருங்கோ, யன்னலைத் திறவுங்கோ. பிழையாக் கத்தினாலும் பரவாயில்லை, பிறகு இருந்து சிரிப்பம்."

பிள்ளைகள் இதைச் சொல்லிக்காட்டி அவளைப் போலவே கையை ஆட்டிப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், மறக்கமாட்டார்கள் என்று அவளும் பேசாமல் விட்டுவிடுவாள்.

அந்த வருடம் மண்டபத்துக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வாணி விழாவைப் புது ஆய்வுகூடத்தில் வைப்போம் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். விமலேஸ்வரிக்கும் உள்ளூரப் பெருமைதான். தன்னுடைய கூடம், விளக்கையும் தானே ஏற்றுவேன் என்று நினைத்து, பெட்டிக்குள் கிடந்த மாம்பழ நிறச் சீலையைக்கூட வெளியே எடுத்து வெயில் காட்டினாள்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் உப அதிபர் பத்மாசனி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"குறை நினையாதேங்கோ டீச்சர். விளக்கைத் தேனுகா ஏத்தட்டும். புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளை. பெற்றார் எல்லாரும் வருகினம், ஆரும் ஒரு கதை கதைக்கக் கூடாது பாருங்கோ."

முள்ளிவாய்க்காலில் புருஷனைப் பறிகொடுத்தவள் விமலேஸ்வரி. இந்த மாதிரிக் கதைகள் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தன்னுடைய கூடத்திலேயே, தன்னுடைய மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்துச் சொன்னது சுட்டுவிட்டது. "ஓம், அதுக்கென்ன" என்று சிரித்தாள். பூசைக்கு வைக்கிற போத்தல், குடுவைகளைக் கழுவித் துடைக்க வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தலையிடி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தத் திறப்பை அவள் யாரிடமும் கொடுத்திருக்கமாட்டாள்.

பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு ஈதரைத் தெரியாது. அது மேல்வகுப்புப் பாடம். பூசைக்கு வைக்கிற சாமான் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரசுவதி கோபிப்பாள் என்பது மட்டும் தெரியும். சட்டி மணலிலிருந்து போத்தலை எடுத்தார்கள். கழுத்தில் அழுக்காய்ச் சுற்றியிருந்த கறுப்பு ரேப்பை நகத்தால் சுரண்டி உரித்தார்கள். கழுவினார்கள், சந்தனம் பூசினார்கள், குங்குமப் பொட்டு வைத்தார்கள், நித்தியகல்யாணிப் பூச்சரம் போட்டார்கள். மண்ணிறப் போத்தல் வடிவாக இருந்ததாம். வெள்ளைத் துணி விரித்த கொலுப் படிகளில், வெயில் விழுகிற யன்னல் பக்கமாக வைத்தார்கள். மறுநாள் காற்றுக்கு விளக்கு நூர்ந்துபோகக் கூடாது என்று எல்லா யன்னல்களையும் சாத்தினார்கள்.

விழாவன்று விமலேஸ்வரி சாம்பல் நிறச் சீலையில் கடைசி வரிசையில் நின்றாள். தேனுகா கூறைச் சீலை சரசரக்கக் குத்துவிளக்கை ஏற்றினாள். பாமாலை தொடங்கியது. சாம்பிராணிப் புகைக்கு நடுவில் மூக்கில் ஏதோ தட்டுப்பட்டது. இனிப்பான மணம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊதுபத்தியாக இருக்கும், மல்லிகையாக இருக்கும் என்றெல்லாம் மனது சமாதானம் சொன்னாலும் மூக்கு நம்பவில்லை. வாயைத் திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? விளக்கை நூருங்கோ. நிறைந்த சபையில், பாட்டு நடுவில், ஏற்றிய மங்கல விளக்கை நூர்க்கச் சொல்ல வேண்டும். சொல்லுகிறவள் யார்? விளக்கேற்றக் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவள். எரிச்சலில் நூர்க்கச் சொல்லுகிறாள் என்று அல்லவா பத்மாசனி நினைப்பாள்? பிழையாகக் கத்திவிட்டால் யார் இருந்து சிரிக்கப்போகிறார்கள்? ஊர் முழுக்க அவளைத்தான் பேசும்.

இந்தப் பாட்டு முடியட்டும், மெல்லப் போய் யன்னலைத் திறக்கலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அந்த நினைப்புக்குள் ஒரு மூலையில், என்னை வேண்டாம் என்றவர்கள்தானே, பார்த்துக்கொள்ளட்டும் என்ற குணமும் கிடந்ததா என்று அவள் தன்னையே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிடக்கவில்லை என்று சத்தியம் பண்ண அவளால் முடியவில்லை.

தேனுகா விளக்குக்கு எண்ணெய் விடக் குனிந்தாள். நீலமாய் ஒரு நெருப்பு வெள்ளைத் துணி வழியே போத்தல் இருந்த படிக்கு ஓடியது. பிறகு சத்தம், கண்ணாடி, பிள்ளைகளின் அலறல். விமலேஸ்வரி அப்போதுதான் கத்தினாள். ஓடிப்போய் மணல் வாளியைக் கவிழ்த்தாள், எரிகிற சீலையோடு தேனுகாவை நிலத்தில் உருட்டி நெருப்பை அமர்த்தினாள், வெளியே இழுத்துக்கொண்டு போய் நீர்த்தாங்கிக் குழாயின் கீழ் அம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் படிப்பித்தபடியே செய்தாள். முதலாவதாகச் செய்ய வேண்டியதை மட்டும் செய்யவில்லை.

கிறீமோடு வந்து நின்றவளைத் தேனுகா முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தாள். தேனுகாவின் வலக்கை முழங்கை வரைக்கும் சுருங்கி மினுங்கியது. கழுத்தில் ஒரு தழும்பு. வீணையை உறையோடு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்களாம், விரல் மடங்குவதில்லை. இடக்கையால் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். விமலேஸ்வரி கிறீமைத் திறந்து, அவளுடைய கையை மடியில் எடுத்து வைத்துப் பூசத் தொடங்கினாள்.

"பிள்ளை, எனக்கு அந்தப் பொன்னாடை வேண்டாம். அதிபரிட்டை நீங்கள்தான் சொல்ல வேணும்."

தேனுகாவின் முகம் வாடியது. "எனக்கு விளங்குது டீச்சர். அண்டைக்கு உங்களை விளக்கேத்த விடேல்லை எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கமாட்டன். இனி ஆரும் அப்பிடிக் கதைக்கட்டும் பாப்பம். அதிபர் கேட்க முதலே நான் கேட்டனான், நான்தான் போர்த்துவன் எண்டு. இந்தக் கையாலைதான் போர்த்துவன்."

"அதில்லை பிள்ளை..."

"ஒண்டு சொல்லட்டே டீச்சர்? இவரிட்டைக்கூடச் சொல்லேல்லை." தேனுகா குரலைத் தாழ்த்தினாள். "எண்ணெய் விடக்கை எனக்கும் ஏதோ இனிச்ச மணம் வந்தது. என்னடா இது எண்டு திரும்பிப் பாத்தன். நீங்கள் பின்னாலை நிண்டியள். என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டியள். ஆபத்தெண்டா டீச்சர் கத்தியிருப்பா எண்டு நினைச்சு எண்ணெயை விட்டன். அந்தளவு தூரத்துக்கு உங்களுக்கு மணந்திருக்காதெண்டு எனக்கென்ன தெரியும்? நான்தான் உங்களைக் கேட்டிருக்க வேணும். என்ரை பிழை டீச்சர்."

விமலேஸ்வரி கிறீமை இன்னும் கொஞ்சம் எடுத்தாள். சொல்ல வேண்டிய சொல் இரண்டோ மூன்றோதான். பாட்டு முடியட்டும் என்று அன்றைக்கு விழுங்கியதைப் போலவே, தேத்தண்ணி குடித்து முடியட்டும் என்று இன்றைக்கும் விழுங்கினாள். கண்ணீர் அந்தச் சுருங்கின தோலில் விழுந்தது. தேனுகா அதை உணரவில்லை. விமலேஸ்வரியின் பெருவிரல் தயங்கி நிற்பதைத்தான் கண்டாள்.

"பயப்பிடாமல் அழுத்தித் தடவுங்கோ டீச்சர்," என்றாள். "அந்த இடத்திலை எனக்கு நோத் தெரியாது."