காயில் பெட்டிக்குச் சந்தனம்

டிரைவர் அய்யாவுக்கு இரண்டு பேரிடம் பயபக்தி. ஒருவர் மலாயாவில் பாலோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆற்றோரம் இருந்த முனியாண்டி. இன்னொன்று ஜெய்னுலாபுதீன் மரைக்காயரின் ஃபோர்டு வண்டி. முனியாண்டி கோபித்துக்கொண்டால் ஒரு சேவலோடு சமாதானமாகிவிடுவார். ஃபோர்டு கோபித்துக்கொண்டால் முன்னால் நின்று கைப்பிடி சுற்றுகிறவனின் மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் அதற்கு ஒரு படி கூடுதல் மரியாதை.

மரைக்காயருக்குக் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை. ரப்பர்த் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பத்தான் மனுஷன் வண்டி வாங்கினார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கு என்ன தெரியும்? அவருடைய மூத்த மகள் மீரா பீவிக்குத் தலைப்பிரசவத்தில் சிக்கல் வந்தபோது, தோட்டங்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி பதினான்கு மைல் தள்ளி இருந்தது. தெற்கே போகும் ரயில் அன்று போய்விட்டிருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்துப் போனார்கள். எட்டாவது மைலில் அவள் பேச்சு நின்றது. ஒன்பதாவது மைலில் மாட்டைத் திருப்பிக் கட்டினார்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுவாரம், நாடு திரும்பும் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் மரைக்காயர் அந்தக் கறுப்பு ஃபோர்டை வாங்கினார்.

"இனிமே என் வீட்டுப் புள்ளை ஒண்ணு மாட்டு வண்டியில ஆஸ்பத்திரி போகாது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அய்யாவு அப்போது தோட்டத்தில் பால் மரம் சீவுவதை விட்டு வந்து கடையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். 'நீ ஓட்டுறியா?' என்று மரைக்காயர் கேட்டதும் தலையாட்டிவிட்டான். ஆட்டிய தலைக்கு அந்த வண்டியின் குணம் தெரியாது. காலடியில் மூன்று மிதி. இடது மிதி முன்னால் போக, நடு மிதி பின்னால் போக, வலது மிதி நிற்க. வேகம் கூட்டுவதோ காலில் இல்லை, ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு குச்சியில். முதல் வாரம் நடு மிதியை மிதித்து, பின்பக்கமாகவே போய்ச் சீனன் கடைக் கோழிக் கூண்டுக்குள் வண்டியை விட்டான். ஆறு கோழி பறந்தன. ஏழாவதைக் கடையில் குழம்பு வைத்தார்கள்.

பிறகு வண்டியும் அவனும் ஒருவருக்கொருவர் பழகிப் போனார்கள். குளுவாங்கில் பட்டறை வைத்திருந்த சீனர்தான் அதன் பூர்வீகத்தைச் சொன்னார். மலாயும் தமிழும் கலந்து அவர் சொன்னதை அய்யாவு கதை கேட்பதுபோல் கேட்டான். அந்தக் கம்பெனியில் ஆள் நடக்க மாட்டானாம், வண்டிதான் நகர்ந்து வருமாம். ஒருவன் சக்கரத்தை மாட்டுவான், அடுத்தவன் அதன் ஆணியை முறுக்குவான், அவன் ஆயுசுக்கும் அந்த ஆணிதான். இப்படி ஒன்றரைக் கோடி வண்டி செய்து குவித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மாதிரியையே நிறுத்திவிட்டு வேறு மாதிரிக்குப் போய்விட்டார்கள். சிங்கப்பூரிலேயே இப்போது அவர்களுக்குச் சொந்தக் கிளை இருக்கிறது. ஆனால் இந்த வண்டி கனடாவிலிருந்து கப்பலேறி வந்தது.

"ஒரு வண்டி சாமான் இன்னொரு வண்டிக்குச் சேரும். எந்த வருஷ வண்டின்னு கேக்காது" என்றார் சீனர்.

அய்யாவு அதை மறக்கவே இல்லை. காலையில் கைப்பிடியைச் சுற்றி வண்டி உயிர் பெற்றதும், யார் பெற்ற பிள்ளையோ, குளிரில் நின்று இந்த ஆணியை முறுக்கியவன், அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் ஏறுவான்.

அந்த 1929ஆம் வருஷத்து ஆயுத பூசை வந்தது. மரைக்காயர் தொழுகை தவறாத மனுஷர். ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் வண்டியை அய்யாவிடம் விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். "வண்டி என்னுது. அதைக் கட்டி மேய்க்கிறவன் நீ. உன் முறையை நீ செய்" என்பது அவர் கட்சி. முந்தைய வருஷங்களில் அய்யாவு சக்கரத்துக்கும் விளக்குக்கும் பொட்டு வைத்துச் சாமந்தி மாலை போட்டதோடு சரி. இந்த வருஷம் அவன் மனசு கேட்கவில்லை. சக்கரத்துக்குக் கொடுத்த மரியாதையைக் காயில் பெட்டிக்குக் கொடுக்காமல் விடுவதா?

ஓட்டுகிறவனுக்கு எதிரே பலகையில் இருக்கும் மரப்பெட்டி அது. உள்ளே நாலு காயில்கள், நாலு சின்ன மரக்கட்டைகள் மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செப்புத் தகடு துடிக்கும். கைப்பிடியை மெல்லச் சுற்றினால் ஒவ்வொன்றாக வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அந்த நாலும் பேசினால்தான் எஞ்சினில் பொறி விழும். அய்யாவு மூடியைத் திறந்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, நாலு தலையிலும் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தான். சரியாகத் தகடு துடிக்கிற இடத்தில். மணியடித்துச் சூடம் காட்டினான். இனி நாளை வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்பது முறை.

பத்து மணிக்குச் சுலைஹாவுக்கு வலி கண்டது. மரைக்காயரின் இளைய மகள். இன்னும் மூன்று வாரம் இருந்தது. புருஷன் சிங்கப்பூரில் சரக்கெடுக்கப் போயிருந்தான். மருத்துவச்சி உள்ளே போனாள், போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"புள்ளை குறுக்கால கெடக்கு. என்னால ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள்.

மரைக்காயர் அய்யாவைப் பார்த்தார். அய்யாவு மாலையை ஒரே இழுப்பில் அறுத்து வீசினான். முனியாண்டியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கைப்பிடியை ஒன்பது சுற்றுச் சுற்றியதும் வண்டி கிளம்பியது. மரைக்காயர் முன்னால் உட்கார, பின்னால் அவர் மனைவி காதர் பீவி மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். வண்டி கொஞ்சம் இருமியது. குளிர்ந்து கிடந்ததால் இருக்கும் என்று அய்யாவு நினைத்தான். நாலாவது மைல் வரை இருமிக்கொண்டே ஓடியது. அங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ஏற்றம். பாதி ஏற்றத்தில் நடுங்கி, பெருமூச்சு விட்டு, நின்றுவிட்டது.

"என்னப்பா?" என்றார் மரைக்காயர்.

அய்யாவு பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே சந்தனம் கரைந்து கூழாகி நாலு காயிலையும் மூடி வழிந்திருந்தது. தன் கையால் தானே அடைத்த மூச்சு இது.

"ஈரம், மொதலாளி" என்று மட்டும் சொன்னான். தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தான். தகட்டை நகத்தால் சுரண்டினான். கைப்பிடியைச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டான். முதல் காயில் பேசியது. மூன்றாவது பேசியது. இரண்டும் நாலும் ஊமை. மரத்துக்குள்ளேயே ஈரம் இறங்கிவிட்டது. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி கிளம்பவே கிளம்பாது. பின்னால் சுலைஹா, "வாப்பா, நானும் மீரா லாத்தா மாதிரி போயிருவேனா?" என்று கேட்டாள். மரைக்காயர் இறங்கி, வண்டியின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். அறுபது வயது மனுஷர். வண்டி ஓர் அடி போனது, இரண்டு அடி வழுக்கியது.

அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து இன்னொரு ஃபோர்டு இறங்கி வந்தது. எட்டு வருஷத்துக் கிழம். கூரையில் சாக்குத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கிரகோரியுடையது. பக்கத்தில் அவர் மனைவி டொரத்தி பட்டுப் புடவையில், மடியில் ஒரு தகரப் பெட்டியோடு. மறுநாள் காலை சிகாமட் மாதா கோவிலில் டொரத்தியின் ஒரே தங்கச்சிக்குக் கல்யாணம். பாலோவில் மத்தியான ரயிலைப் பிடித்தால்தான் கல்யாணப் பூசைக்குப் போய்ச் சேரலாம்.

கிரகோரி இறங்கி வந்தார். அய்யாவு கை கூப்பினான்.

"ஐயா, ரெண்டு காயில் செத்துப் போச்சு. வண்டிக்குள்ள புள்ளைத்தாச்சி. குறுக்குப் பிரசவம்."

"எங்க வண்டியில ஏத்திக்கிட்டுத் திரும்பலாமா?" என்று கிரகோரி தம் வண்டியைப் பார்த்தார். உடனே தாமே தலையை ஆட்டிக்கொண்டார். "இது ஏறாதுப்பா. இதோட இடது மிதிப் பட்டை தேஞ்சு போச்சு. எறக்கத்துலதான் ஓடும். ஆளில்லாமலே ஏத்தத்துல மூச்சு வாங்கும்."

"காயில் சேரும் ஐயா. எந்த வருஷ வண்டியா இருந்தாலும் சேரும்" என்றான் அய்யாவு. சொன்ன பிறகுதான் என்ன கேட்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. கொடுத்தால் இவர்கள் நடுக்காட்டில் நிற்பார்கள். நாலு மைல் நடந்து போவதற்குள் ரயில் போய்விடும்.

கிரகோரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் அவள் கூடப்பிறந்தவளுக்கு, கொடுக்கலாம் என்று அவர் எப்படிச் சொல்வார்? டொரத்தி வண்டிக்குள் இருந்த சுலைஹாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனிடம் எரிந்து விழுந்தாள்.

"என்ன மொகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கழட்டிக் குடுங்க!"

கிழட்டு ஃபோர்டின் இரண்டாவது காயிலையும் நாலாவது காயிலையும் உருவி அய்யாவு தன் பெட்டிக்குள் இறக்கினான். அளந்து செய்தது மாதிரி உட்கார்ந்தன. கைப்பிடியைச் சுற்றினான். நாலு வண்டும் பேசின. அய்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. கனடாக்காரனையும் கிராணியையும் அந்த அம்மாவையும் சேர்த்து ஒரே மூச்சில் வாழ்த்திவிட்டு ஏறினான். வண்டி ஏற்றத்தில் நிற்கவே இல்லை.

ஒன்பதாவது மைலைக் கடந்தபோது மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டார். பதினாலாவது மைலில்தான் திறந்தார்.

இரண்டு மணிக்குக் குழந்தை பிறந்தது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டில் ஒன்றுதான், எது என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டதும் அய்யாவு ஆஸ்பத்திரி நடையில் மரைக்காயர் முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, வண்டி தானா நிக்கல. நான்தான் நிறுத்துனேன். காலையில காயில் தலையில சந்தனம் அப்பினேன். ஈரம்னு உங்ககிட்ட மழுப்பிட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பிருங்க."

பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த காதர் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அவனை அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க" என்றார். "இவன் மணியடிக்கிறப்போ, வண்டிக்கு உசிரே இந்தப் பொட்டிதான்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தான். நம்ம புள்ளை இதுலதானே போவணும்னு நெனச்சேன். இவன் சாப்பிடப் போனதும், யாசீன் ஓதி வச்ச தண்ணி ஒரு கோப்பையை அப்படியே அதுக்குள்ள ஊத்திட்டேன்."

மரைக்காயர் மனைவியைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இருவருக்கும் புரியவில்லை. இரண்டும்தான்.

"அல்லாவே! இவன் சந்தனம் பூசி, நீ தண்ணி ஊத்தி, அந்த இரும்பு என்னதான் பண்ணும்? நாலு மைல் இழுத்துக்கிட்டு வந்துச்சே, அதுவே பெருசு. இனிமே ரெண்டு பேரும் பொட்டியைத் தொறக்காம தள்ளி நின்னே வேண்டிக்கங்க." பிறகு அய்யாவின் கையைப் பிடித்தார். "வண்டி நின்னப்போ உன்னை மனசுக்குள்ள சொல்லக்கூடாத வார்த்தை சொல்லித் திட்டினேம்ப்பா. அதுக்கு நீ என்னை மாப்பு பண்ணணும். வா, அந்த ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கிறாங்க."

நாலரை மணிக்கு அந்த ஏற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிரகோரி சாலையோரம் குந்தியிருந்தார். டொரத்தியின் பட்டுப் புடவை முழங்கால் வரை செஞ்சேறு. மத்தியான ரயில் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. மரைக்காயர் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார், என்ன சொல்லி நன்றி சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று. வண்டி நின்றதும் காயில்களை உருவிக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும் என்றுகூட நினைத்திருந்தார்.

டொரத்தி சேற்றில் சறுக்கிக்கொண்டே வண்டியை நோக்கி ஓடி வந்தாள். காயிலைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன கொழந்தை?" என்றாள்.

மரைக்காயர் வாயைத் திறந்தார். அறுபது வயது மனுஷர் நடுச்சாலையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அய்யாவுதான் சொன்னான்.

"பொண்ணும்மா. ரெண்டு உசிரும் நல்லா இருக்கு."