ஓட்டை இல்லாத குண்டுகள்

“பல் செட்டையாவது எடுத்துட்டு வந்துடறேன், வழியை விடுப்பா!”

வெர்னா அந்தப் போலீஸ்காரனின் கையைத் தட்டிவிட்டாள். அவன் மறுபடியும் கையை நீட்டி, அவளுடைய வீட்டு வாசலிலேயே அவளை மறித்து நின்றான்.

“முடியாதும்மா. வெடிகுண்டு ஆளுங்க வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது.”

“உள்ள என் புருஷன் கிடக்காருடா!”

“தெரியும்மா.”

“தெரிஞ்சு என்ன பிரயோசனம்!”

டெல்மர் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த சாவுதான். நர்ஸ் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பத்தரைக்குச் சவ அடக்கக்காரர்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். ஒருவன் பட்டாளத்திலிருந்து திரும்பியவன். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக நாற்பத்தொரு கையெறி குண்டுகள் இருப்பதைப் பார்த்தான். ‘பயிற்சிக் குண்டுதானே’ என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான். அடியில் ஓட்டை இல்லை. சிரிப்பு நின்றது. எடுத்த இடத்திலேயே அதை மெல்ல வைத்துவிட்டு, “எல்லாரும் வெளியே போங்க” என்று சொல்லிப் போலீஸுக்குப் போன் போட்டான்.

பயிற்சிக் குண்டில் மருந்து கிடையாது. புதுச் சிப்பாய்கள் எறிந்து பழகுகிற வெறும் இரும்புக் கூடு, மேலே நீலப் பெயிண்ட். ராணுவம் கழித்துப் போடுவதை வாங்கி விற்கிறவர்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்ட அடியில் ஓர் ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள். அந்த ஓட்டை டெல்மருக்குக் கண்ணில் விழுந்த தூசி. அவர் போருக்கே போகாத சிப்பாய். இருபது வருடம் முகாமில் நின்று மற்றவர்களுக்கு எறியக் கற்றுக்கொடுத்தவர். தன் கையில் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பார். துருவைச் சுரண்டி, அதே நீலத்தைத் தேடிப் பிடித்து அடித்து, ஓட்டையையும் அடைத்தாயிற்று.

“நீலம் அடிச்சிருக்கே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்றாள் வெர்னா.

“நீலப் பெயிண்ட் எந்தக் கடையிலயும் கிடைக்கும்மா. ஓட்டைதான் சாட்சி.”

தெருவின் இரண்டு முனையிலும் மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளையும் காலி செய்யச் சொன்னதால் ஜனம் முழுவதும் நாடாவுக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தது. வெர்னாவையும் நாடா வரைக்கும் நகர்த்திவிட்டார்கள். மாவட்டப் போலீஸில் குண்டு சோதிக்க ஆளில்லை. தலைநகரிலிருந்து வர இரண்டு மணி நேரமாகும்.

“அண்ணி, கோட்டைப் போட்டுக்குங்க. குளிருது.” டெல்மரின் தம்பி ஆரின் பின்னாலேயே வந்தான்.

“குளிரட்டும். மணி என்ன?”

“பன்னிரண்டு ஆகப்போகுது.”

தாடைதான் முதலில் இறுகும், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பல்லை வைத்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வெர்னா வெந்நீர் வைத்து அதைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சவ அடக்கக்காரர்கள் வந்தார்கள். பல் இல்லாமல் சமையலறைக்குக்கூட வராத மனுஷன். போன வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: “முகத்தை மூடிக் கொண்டுபோக விடாதே வெர்னா. நான் என்ன திருட்டுச் சாமானா? கழுத்து வரைக்கும் தேசக் கொடியைப் போர்த்து. தெரு பார்க்கட்டும். பல்லை மறந்துடாதே.” அவளும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

“சவ அடக்கக் கூடத்துக்குக் கொண்டுபோய் அவங்களே ஏதாவது பண்ணிடுவாங்க அண்ணி.”

“அதுக்கு முன்னாடி இந்தத் தெருவே அவர் வாயைப் பார்க்குமேடா!”

ஆரின் கோட்டை அவள் தோளில் போர்த்தினான். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்து, “அண்ணன் கை அப்படி. ஓட்டை இருந்த இடமே தெரியாது. சும்மாவா ஊர்க் கண்காட்சியில வருஷா வருஷம் பரிசு ரிப்பன் கொடுத்தாங்க?” என்றான்.

வெர்னாவுக்கு உச்சந்தலைவரை ஏறியது.

“உங்க அண்ணன் கையா? பத்து வருஷமா அந்தக் கை நடுங்காம காபிக் கோப்பையைப் பிடிக்கலடா! யாரு அடைச்சது? பள்ளிக்கூடத்துச் சமையல்ல கேக்குல பூ வச்ச கை இது. நான் அடைச்சேன். ராத்திரி பகலா தேய்ச்சேன். ‘எல்லாம் என் கைவேலை’ன்னு அவர் அங்க மார்தட்டினப்போ, பக்கத்து மேசையில நின்னு நான் டோனட் வித்துக்கிட்டிருந்தேன்.”

“அண்ணி, மெதுவா…”

“எதுக்கு மெதுவா? அடைக்காதே மனுஷா, ஒரு நாள் வினையாகும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? கடைசியில நானே உட்கார்ந்து அடைச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்!”

போலீஸ்காரன் காதில் விழுந்துவிட்டது. கிட்டே வந்தான்.

“நீங்கதான் அடைச்சீங்களாம்மா? அப்போ எல்லாமே வெறுங்கூடா?”

“ஒவ்வொண்ணுக்குள்ளயும் விரலை விட்டுத் துடைச்சவ நான். இப்போ விடுவியா?”

“ரேடியோவுல சொல்லிடறேன். ஆனா அவங்க வந்து பார்த்தாத்தாம்மா.”

மானத்தை விட்டுச் சொன்னதுதான் மிச்சம்.

சோதனை வண்டி வந்தபோது மணி இரண்டு. இறங்கியவள் ஒரு பெண். மெத்தை மெத்தையாகக் கவச உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். “மேசையில டம்ளர்ல பல் இருக்கும்மா, அதை மட்டும் முதல்ல…” என்று வெர்னா ஓடினாள்.

“முதல்ல குண்டு. மத்ததெல்லாம் அப்புறம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக எக்ஸ்ரே எடுத்து முடிக்க நான்கு மணியாயிற்று. கவசத் தொப்பியைக் கழற்றியபடி அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“எல்லாம் வெத்துக்கூடு. ஓட்டை அடியில இருக்குன்னு தெரிஞ்சும் கண்ணுக்கு அகப்படலம்மா. படத்துலதான் தெரிஞ்சுது. நீங்க செஞ்சதாமே? இப்படி ஒரு கைவேலையை நான் பார்த்ததில்ல.”

பத்து வருடமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தை. வெர்னாவுக்கு அதைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

டெல்மர் விட்ட இடத்திலேயே கிடந்தார். பாதி திறந்த வாய் அப்படியே இறுகிப்போயிருந்தது. வெர்னா பல்லை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள், பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. தாடையைக் கீழே இழுத்தாள், மேலே தள்ளினாள். “விடு மனுஷா, கொஞ்சம் விடு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினாள். அசையவில்லை.

“விடுங்கம்மா.” காலையில் குண்டைக் கவிழ்த்துப் பார்த்த பட்டாளத்துக்காரன் வாசற்படியில் நின்றிருந்தான். காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. “தப்பா நினைக்காதீங்க. முகத்து மேல துணியை இழுத்து விட்டுடறேன். யாருக்கும் தெரியாது.”

“தொடாதே. கழுத்து வரைக்கும் கொடி. அவ்வளவுதான்.”

டெல்மரைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலுக்குத் தள்ளினார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஆரின் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தான். வெர்னா வண்டியோடு ஒட்டி நடந்தாள். கையுறை போடாத வலது கையை டெல்மரின் வாய்மேல் பொத்தியிருந்தாள். சவ வண்டியின் கதவு வரைக்கும் அதை எடுக்கவில்லை.