உலகம்மாள் பேருக்கு ஒரு ரசீது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கல்லூரி அரங்கின் கடைசி வரிசையில் இருந்தபோது ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. அதிலிருந்து வந்தது இது. பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அந்த வாக்கியம் வரும் இடத்தில் இன்னும் கை நின்றுவிடுகிறது.

முதல் தொடக்கம்: "2006ஆம் ஆண்டு, மாணவர் கட்டணத்தை உயர்த்தப் பல்கலைக்கழகம் முன்வைத்த திட்டம் குறித்து, இராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில்..." (செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. விட்டேன்.)

இரண்டாவது: "அன்று கடல் வழக்கத்தைவிட..." (அரங்கிலிருந்து கடல் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகை.)

2

அப்போது நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. என் பக்கத்தில் எப்போதும் பூமயில் உட்காருவாள். மாரியூர்க்காரி. அவள் அம்மா உலகம்மாள் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பாசி எடுத்து விற்பவர்.*

பல்கலைக்கழகம் கொண்டுவர நினைத்த புதுக் கட்டணத்துக்குப் பெயர் 'அனுபவவழிக் கற்றல்'. பாடத்தில் இருப்பதை மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் படகு, முகக்கண்ணாடி, வழிகாட்டி. எனக்கு ஆசையாக இருந்தது. நட்சத்திர மீனை அதுவரை ஃபார்மலின் பாட்டிலில்தான் பார்த்திருந்தேன். வாப்பா துபாயில் இருந்தார், கட்டிவிடுவார். பூமயிலால் முடியாது. கட்டணம் வந்தால் படிப்பு நின்றுவிடும் என்று அவளே சொன்னாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

பெற்றோர் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். பூமயில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருந்தாள்.

"எந்திரிச்சு, எங்களால கட்ட முடியாது சார்னு சொல்லிட்டு உக்காந்துரும்மா. வேற ஒண்ணும் பேசாத."

"பேசாம இருக்கவா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்?"

"அம்மா!"

"சரிடி, சொல்றேன். மேல சுத்துற இந்தக் காத்தாடி என்ன, எஞ்சின் வள்ளம் கணக்கா இந்தக் கத்து கத்துது?"

(*பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். அப்படியும் உலகம்மாளின் விரல் நுனிகள் கீறலாகத்தான் இருந்தன. இதை முதல் வரியிலேயே வைத்திருக்கலாம். நீங்கள் பரிதாபப்பட ஆரம்பித்திருப்பீர்கள். பரிதாபத்தோடு கேட்டால் அவர் சொன்னது காதில் விழாது.)

3

கல்லூரி முதல்வரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வந்த எல்லோருக்கும் டீ வாங்கி வைத்திருந்தார். எதிரே இருக்கும் தீவைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகமே மாறியது. (தீவின் பெயரை எழுதப்போவதில்லை.)

"ஒரு நாள் முழுக்க அந்தத் தீவுல இறங்கிப் பார்க்கலாம். பாறை, கடல்புல் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல. உங்க பிள்ளைங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

உலகம்மாள் எழுந்தார். பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அந்தத் தீவுல எறங்கவா விடுவாக?"

"அனுமதி வாங்கித்தாம்மா கூட்டிட்டுப் போவோம்."

"நாங்க பக்கத்துல போனாலே காவல் படகு வந்து வெரட்டுது. போன தடவ முங்குற கண்ணாடி, பாசிச் சாக்கு எல்லாத்தையும் புடுங்கிட்டுத்தான் விட்டாக."

"அது பாதுகாக்கப்பட்ட இடம்மா. இது படிப்புக்கு."

"கட்டணம் கட்டுனா எறங்கலாம். அப்படித்தான?"

"மாணவர்கள் மட்டும்..."

"அப்ப எனக்கும் சேத்துப் போடுங்க சார். நானும் கட்டுறேன். எம்பேருக்கு ஒரு ரசீது குடுங்க."

4

அந்த வாக்கியம் இதுதான்.

அரங்கு முழுவதும் சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. உலகம்மாள் சிரிக்கவில்லை. ரசீதுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காவல் படகு கேட்டால் காட்ட ஒரு சீட்டு வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவர் பக்கத்தில் இருந்த இராமலட்சுமியும் பாசி எடுப்பவர். "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு மதினி" என்றார்.

முன்வரிசையில் யாரோ, "பரீச்சையும் எழுதுவீகளோ?" என்றார்.

"எழுதுறோம். முங்கி எழுதணும்னு சொல்லுங்க, யாரு பாஸாவுறான்னு பாப்போம்" என்றார் உலகம்மாள்.

மறுபடி சிரிப்பு. பூமயில் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "கட்ட முடியாதுன்னுதானம்மா சொல்லச் சொன்னேன். என்னைய நிப்பாட்டிருவாகம்மா."

உலகம்மாள் குரலைக் குறைக்காமல் சொன்னார்: "அங்கன எறங்க விட்டா ஒனக்கும் எனக்கும் நானே கட்டிருவேன்டி. எறங்க விடாமத்தான கட்ட முடியல."

இரண்டு வருடம் ஒரே பெஞ்சு. பூமயிலால் ஏன் கட்ட முடியாது என்று எனக்கு அதுவரை தெரியாது.

(ஒரு குறிப்பு. பாசியைப் பிடுங்கினால் பாறை கெடும் என்று எங்கள் பாடத்தில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. வகுப்பு முழுவதும் இறங்கி மிதித்தால் என்ன ஆகும் என்று தேடினேன். அந்தப் பக்கம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.)

5

முடிவு அ: முதல்வர் மனம் மாறித் திட்டத்தையே திருப்பி அனுப்புகிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு ஆ: கட்டணம் வருகிறது. பூமயில் நின்றுவிடுகிறாள். படகில் போகும் நான், தண்ணீருக்குள் பாசி எடுக்கும் அவளை... (அடித்துவிட்டேன். உங்களை அழவைக்க அவள் படிப்பை நான் நிறுத்த முடியாது.)

முடிவு இ: உலகம்மாளுக்கு ரசீது கிடைக்கிறது. (இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். யார் கையெழுத்துப் போடுவார் என்று தெரியவில்லை.)

முதல்வர் உண்மையில் சொன்னது எனக்குத் தெரியும். எழுதினால் அவரைத் திட்டிவிட்டோ மெச்சிவிட்டோ நீங்கள் எழுந்து போய்விடலாம். ஆகவே அவரை வெளியே அனுப்பிவிட்டேன். அவர் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. பூமயிலும் எழுந்து அம்மா பக்கத்தில் நிற்கிறாள். உலகம்மாள் உங்களைத்தான் பார்க்கிறார்.

"சொல்லுங்க சார். கடைசி பஸ்ஸு போயிரும்."